பதினேழு மோதலும் ஒரு வெற்றுத்தாளும்

முள்ளிச்செவல் ஊர்க்கிணற்றின் எதிரொலி காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மணி மூன்றேகால். வீட்டில் ஒருத்தரும் மரியாதையாகக் கூப்பிடுவதில்லை என்பதால் தினமும் குளித்து முடித்ததும் கிணற்றுக்குள் குனிந்து "பால்பாண்டி அண்ணாச்சீ!" என்று தன்னைத் தானே கூப்பிட்டு, கிணறு அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டு, அந்தச் சந்தோஷத்திலேயே ஈரத்துண்டோடு வீட்டுக்கு நடக்கிற பால்பாண்டி, அன்றைக்கு மூன்று தடவை கூவிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது, சுவர் இருந்தது, பாசி இருந்தது, பதில் மட்டும் இல்லை. வீட்டுக்குப் போய், "கிணறு பேச மாட்டேங்கு" என்றார். "நானே உங்ககிட்டப் பேசி இருவது நாளாச்சு, கிணத்துக்கு மட்டும் என்ன தலையெழுத்து?" என்று சொல்லிவிட்டு அவர் பெண்டாட்டி சோற்றைப் போட்டாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அன்று சாயங்காலம் மாரிக்கனி டீக்கடையில் டீ கொதிக்கக் கொதிக்க வந்தது, ஆவி வரவில்லை. ஆறிப்போச்சு என்று நம்பி மடக்கென்று ஊற்றிக்கொண்டவர்கள் நாக்கைத் தொங்கப்போட்டு வைதார்கள். புதன்கிழமை ஊராட்சித் தலைவர் சீனிராஜ் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் "ஆ... ஆ... ஆஆ..." என்று தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, கைக்குட்டையை விரித்து, கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, தும்மல் வரவேயில்லை, அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறமும் வரவேயில்லை. வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்த ஒரு சேவலுக்குக் கொண்டை இருந்தது, கொண்டையின் சிவப்பு இல்லை. கண்மாய்க்கரைக் கருவேலமுள் குத்தியது, ரத்தம் வந்தது, வலி வரவில்லை. இருபது வருஷமாக முகம் பார்க்காத சகலைகள் இருவருக்கும் சண்டையின் காரணம் போய்விட்டது; தனித்தனியே யோசித்தார்கள், ஊரைக் கேட்டார்கள், ஒருவருக்கும் ஞாபகமில்லை, அதற்காகச் சண்டையை நிறுத்தவா முடியும் என்று காரணமில்லாமலே முறைத்துக்கொண்டார்கள். எல்லாம் அந்த ஒரே செவ்வாய்க்கிழமை, அந்த ஒரே நிமிஷத்தில் போனவைதான். ஆனால் தும்மல் வரும்வரை தும்மல் போனது யாருக்குத் தெரியும்?

ஊர் இதற்காக அலறவில்லை. அலறுகிற ஊராக இருந்தால் வட்டம் வந்தபோதே அலறியிருக்கும். வட்டம் என்பது ஊருக்குத் தொண்ணூறு மீட்டர் கீழே, கரிசலுக்கும் கீழே, சுக்கான் பாறைக்கும் கீழே, பதினோரு கிராமங்களைச் சுற்றி ஓடுகிற ஒரு குழாய்; அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களை இடமும் வலமுமாக ஓடவிட்டு, வெளிச்சத்துக்குச் சவால் விடுகிற வேகத்துக்கு ஏற்றி, ஒன்றோடொன்று முட்டவைத்து, முட்டிச் சிதறுவதில் இதுவரை யாரும் பார்க்காத ஏதாவது சிதறுகிறதா என்று பார்க்கிறவர்கள் அங்கே முந்நூறு பேர் இருந்தார்கள். கிடாமுட்டு பார்த்துப் பழகிய ஊர் அவர்களுக்கு முட்டுக்காரங்க என்று பேர் வைத்து, வாடகைக்கு வீடும் கொடுத்து, "இன்னைக்கு எதுவும் சிக்குச்சா?" என்று மீன்பிடிக்கப் போனவனை விசாரிப்பதுபோல் விசாரித்தும் வந்தது. ஆகவே எதிரொலி போனதும், "வட்டம் எடுத்துட்டுப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஆகவேண்டியதைப் பார்த்தார்கள்.

ஆகவேண்டியது என்ன? கிணற்றுக்கு முறை போட்டார்கள். நாளுக்கு ஒரு வீட்டிலிருந்து ஓர் ஆள் படியில் இறங்கி உட்கார்ந்து, மேலே யார் எதைக் கூவினாலும் கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் இழுத்து, அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். சொந்தக் கருத்து எதையும் சேர்க்கக்கூடாது. தன் பெண்டாட்டியின் முறை வந்த அன்று பால்பாண்டி குளிக்கப் போகவில்லை. தலைவரோடு எப்போதும் அவருடைய மச்சினன் போனான்; அவர் "ஆ... ஆ..." என்று முடிக்கிற இடத்தில் இவன் "அச்சு!" என்று போட, கும்பிடு அவருக்கு விழுந்தது. மாரிக்கனி டம்ளருக்குப் பக்கத்தில் ஓர் ஊதுபத்தி செருகி வைத்தாள். ஒழுங்குக்கு ஒரு மனுவும் எழுதிக் கொடுத்தார்கள். வட்டத்து அலுவலகத்திலிருந்து ஒன்பதாம் நாள் பதில் வந்தது: "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. எதிரொலி, தும்மல், சேவற்கொண்டை ஆகியன இவ்வலுவலக வரம்பினுள் வாராதவை என்பது கனிவுடன் தெரிவிக்கப்படுகிறது." கனிவுடன் என்ற வார்த்தைக்காக அதைக் கண்ணாடி போட்டுப் பஞ்சாயத்தில் மாட்டினார்கள்.

முந்நூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் திரையைப் பார்ப்பவர்கள், சேவலைப் பார்ப்பவர்கள் அல்ல. ஒருத்திக்குத் தெரியும். அவள் பேர் ஹெப்சி.

ஹெப்சிக்கு வயது இருபத்தாறு, குறும்புக்கு வயது பதினாறைத் தாண்டவில்லை. நாசரேத்துப் பக்கத்துப் பிள்ளை, வட்டத்தில் ஆராய்ச்சி மாணவி, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலுத்தாய் வீட்டு மச்சில் குடியிருப்பு. அவள் தொண்டைக்குள் ஊரே இருந்தது. தலைவர் சீனிராஜ் மாதிரி "எனது அன்பார்ந்த, பாசத்துக்குரிய, மறுபடியும் அன்பார்ந்த" என்பாள். நாலு நாற்பது பஸ் கண்டக்டர் மாதிரி "உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் கெடக்கு, கல்யாண மண்டபம் மாதிரி கெடக்கு" என்பாள். வேலுத்தாயின் குரலில் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் சொல்லி அவர்களுக்குள் சண்டை மூட்டி, அதே குரலில் சமாதானமும் செய்துவைப்பாள். இதையெல்லாம் பார்த்துச் சிரிக்க வேலுத்தாயின் ஆறு வயது மகள் இசக்கி இருந்தாள். இசக்கி சிரித்தால் சில்லறைக் காசைப் படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கும், கடைசிக் காசு எங்கேயோ போய்ச் சுற்றிச் சுற்றி நிற்கும். ஹெப்சிக்கு வராத ஒரே குரல் அதுதான்.

இனி உப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். முட்டுக்காரங்களுக்கு ஒரு வழக்கம். தேடித் தேடிக் கண் பூத்தவனுக்கு இல்லாததும் இருக்கிற மாதிரி தெரியும் அல்லவா, அந்தக் கண்ணைச் சோதிக்க, ஒவ்வொரு ஓட்டத்திலும் சீட்டுக் குலுக்கி ரகசியமாக ஒருவரைத் தேர்வார்கள். அவர், எல்லாரும் சேர்ந்து சேகரித்த தரவுக்குள் ஒரு பொய்யைக் கலந்துவிட்டு, கலந்தது என்ன என்று ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்து, பூட்டிய பெட்டியில் போடவேண்டும். இதற்கு உப்புப் போடுவது என்று பேர். சில தடவை போடாமலும் விடலாம்; அப்போது வெற்றுத்தாளை உறையில் வைக்கவேண்டும். எல்லாரும் தேடி முடித்த பிறகு, மண்டபத்தில் எல்லார் முன்னாலும் உறையைப் பிரிப்பார்கள். கண்டுபிடித்தது உறையில் எழுதியிருந்தால் சோதனையில் பாஸ், கைதட்டி மைசூர்பாகு தின்றுவிட்டுக் கலையலாம். கண்டுபிடித்தது உறையில் இல்லை என்றால், அது உப்பில்லை, அது உண்மை.

அந்த ஓட்டத்துக்குச் சீட்டு ஹெப்சிக்கு விழுந்தது. அவள் உப்பும் போட்டாள், உறையில் வெற்றுத்தாளும் வைத்தாள்.

ஏன் என்றால், பேராசிரியர் கோமதிநாயகம். முப்பத்தோரு வருஷமாகத் தேடுகிறவர், அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர், மூன்று தடவை தொண்டையைச் செருமிவிட்டு "நம்பாதே. பாரு. பார்த்துட்டும் நம்பாதே" என்று சொல்கிறவர். கேன்டீனில் சாம்பாரைப் பரிமாறினால் அதற்கும் செருமிவிட்டு "சாம்பார்னு சொல்றாங்க" என்பார். ஹெப்சி அவரைப் போல் செருமிக் காட்டினால் மேசை மேசையாக விழுந்து சிரிப்பார்கள். அந்த மனிதரை இரண்டே நிமிஷம் நம்பவைத்துப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. உறையைப் பிரித்து, வெற்றுத்தாளைக் கண்டு, அவர் வாய் பிளந்து நிற்கிற இரண்டாவது நிமிஷம் எழுந்து, அவர் குரலிலேயே, "நம்பாதே!" என்று கத்தவேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

பொய்யும் சின்னப் பொய்தான். ஒரு மோதலில் இந்தப் பக்கம் எவ்வளவு சிதறுகிறதோ அந்தப் பக்கமும் அதற்குச் சமமாகச் சிதறவேண்டும். ஒரு பக்கம் குறைந்தால், நம் கருவிக்குச் சிக்காமல் ஏதோ ஒன்று தப்பித்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தப்பித்துப் போனதைத்தான் முப்பத்தோரு வருஷமாகத் தேடுகிறார்கள். ஹெப்சி பதினேழு மோதல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை அழித்தாள். அழிக்காத மூலத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வேலுத்தாய் கொண்டுவந்த காலித் தீப்பெட்டி ஒன்றுக்குள் வைத்து, தலையணைக்கு அடியில் சொருகினாள். கடைசி விசையை அவள் தட்டியபோது செவ்வாய்க்கிழமை, மணி மூன்றேகால்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து இசக்கிக்குத் தலைவரைப் பேசிக் காட்டினாள். "மறுபடியும் அன்பார்ந்த" என்ற இடத்தில் இசக்கி வாயைத் திறந்தாள், தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். சத்தம் இல்லை.

"ஏட்டி, என்கிட்டயே நடிக்கியா?" என்றாள் ஹெப்சி.

"நடிக்கலக்கா. நெசமாத்தான் சிரிக்கேன். காத்து மட்டும் வருது." இசக்கி தன் வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "எப்சியக்கா, நீ ஒளிச்சு வச்சிருக்கியா?"

பிள்ளை விளையாட்டாகத்தான் கேட்டது. ஹெப்சி மச்சுக்கு ஏறிப்போய், தலையணைக்கு அடியில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

வேலுத்தாய் மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "பேசுறாளா? அழுறாளா? சாப்பிடுறாளா? பின்ன என்னம்மா? சிரிக்காட்டி கொஞ்சம் படிப்பாவது வரும்" என்று இருமல் மருந்து எழுதினார். வேலுத்தாய் வரும் வழியெல்லாம் டாக்டரைத் திட்டிக்கொண்டு வந்து, படியேறி மச்சுக்கு வந்து, "நீ படிச்ச பிள்ளை, நீ சொல்லு தாயி, இது என்னது?" என்று கேட்டாள். படித்த பிள்ளை, "சரியாயிரும்க்கா" என்றாள். அது அவளுடைய இரண்டாவது பொய். முதலாவதைவிடக் கனமாக இருந்தது.

அன்றிலிருந்து ஹெப்சி ஒரு நோட்டில் குறித்து வந்தாள். கிணற்று எதிரொலி ஒன்று. டீ ஆவி இரண்டு. இசக்கி மூன்று. தும்மல், சிவப்பு, முள்ளின் வலி, சகலைகள். தீப்பெட்டி ஆபீஸ் சங்கின் பின்பாதி. ஒரே ஒரு வயலுக்கு மட்டும் முதல் மழையின் மண்வாசனை. புதுமாப்பிள்ளை ஒருவனின் வெட்கம். பன்னிரண்டு ஆகட்டும், தற்செயல் என்றாள். பதின்மூன்றுக்கும் தற்செயல் என்றாள். பதினாலில் பேனாவை மூடினாள். இங்கே ஒரு பக்கம் அழித்தால் அங்கே ஒரு பக்கம் குறையத்தான் செய்யும், சமமாக இருக்கவேண்டும் என்பது கருவிக்கு மட்டும் போட்ட சட்டமில்லையே என்று ஒரு குரல் அவளுக்குள் சொன்னது. அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கே பிடிபடவில்லை. உறை பிரிக்கிற நாள்வரைக்கும்தானே, அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், எல்லாம் திரும்பிவிடும் என்று நாற்பது நாள் தன்னையே தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தாள்.

உறை பிரிக்கிற நாளும் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. திரையில் பதினேழு புள்ளிகள் ஒரு மேடு மாதிரி எழுந்து நின்றன. கோமதிநாயகம் கத்தரிக்கோலால் உறையின் ஓரத்தை வெட்டி, தாளை எடுத்து, இந்தப் பக்கம் பார்த்தார், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கமும் எழுத்தில்லை. ஹெப்சி எழுந்து நின்றாள். கால்சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. வாயைத் திறந்தாள்.

அவர் செருமவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "நம்பலாமாப்பா?" என்று யாரையும் பார்க்காமல், பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற பையன் மாதிரி கேட்டார். "நான் நம்பலாமா?" அப்புறம் அந்த வெற்றுத்தாளாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றாவது நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷமும் போனது. ஹெப்சி உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் எல்லாரும் எழுந்து கைதட்டியதால் அவள் உட்கார்ந்தது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஊரைக் கேட்கவேண்டுமா! முள்ளிச்செவலில் புதுத் துகள் பிடிபட்டது என்று பேப்பரில் வரப்போகிறது என்றதும், இழந்தது எல்லாம் பெருமையாக மாறிவிட்டது. "எங்க வீட்டுச் சேவலோட செவப்பு போய்த்தான் வெஞ்ஞானமே வந்துச்சு" என்றார் சேவல்காரர். ஒன்றும் இழக்காதவர்கள் சங்கடப்பட்டு, எனக்கு முழங்கால் வலி போச்சு, எனக்கு மாமியார் மேல இருந்த பயம் போச்சு என்று ஆளுக்கொன்றாக அவிழ்த்துவிட்டார்கள். தலைவர் "உலகமே உற்றுநோக்குகின்ற, மறுபடியும் உற்றுநோக்குகின்ற" என்று அலங்கார வளைவு வைத்துப் பேச, மச்சினன் சரியான இடத்தில் தும்மினான். பொய்யாகச் சொன்னவர்களைக் கழித்துவிட்டு ஹெப்சி எண்ணினாள். பதினைந்து ஆனது, பதினாறு ஆனது, பதினேழு ஆனது. அதற்கப்புறம் எதுவும் போனதாகத் தெரியவரவில்லை. வளர்ந்துகொண்டே போயிருந்தால்கூட வேறு காரணம் சொல்லித் தப்பித்திருப்பாள். பதினேழில் நின்றதுதான் அவளைப் பிடரியில் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலுத்தாய் மச்சுப்படியில் வந்து உட்கார்ந்தாள். கையில் பாதி ஆய்ந்த முருங்கைக்கீரை.

"எப்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனச்சுக்காத. நீதான் எல்லார் குரலும் பேசுவியே."

"சொல்லுங்கக்கா."

"எம்புள்ள சிரிப்ப ஒரே ஒரு தடவை சிரிச்சுக் காட்டு தாயி. எனக்கு மறந்துட்டே வருது. நேத்து ஆபீஸ்ல குச்சி அடுக்கிட்டே நெனச்சுப் பாக்கேன், அந்தக் கடைசிச் சத்தம், எங்கயோ போயிச் சுத்தி நிக்குமே, அது எப்படி நிக்கும்னு வரவே மாட்டேங்கு. நீ சிரிச்சேன்னா நான் பிடிச்சு வச்சுக்கிடுவேன்."

ஹெப்சி முயன்றாள். கண்ணை மூடி, தொண்டையைச் சுருக்கி, குரலை மேலே ஏற்றி முயன்றாள். வந்தது ஒரு பொம்மையின் சிரிப்பு. மறுபடி முயன்றாள்; வந்தது எருமைக்கன்றின் இருமல். மூன்றாவது தடவை அழுகை வந்தது. வேலுத்தாய் பதறிப்போய், கீரைக்கையோடு அவள் தலையைத் தடவி, "ஐயையே, வரலேன்னா விடு, இதுக்கா அழுவ? எம்புள்ள மேல உனக்கு எம்புட்டுப் பாசம்" என்றாள். குத்தினால் வலிக்காத அந்தக் கருவேலமுள்ளைப்போல் இல்லை அந்த வார்த்தை. நன்றாக வலித்தது.

ஹெப்சி எழுந்து, தலையணைக்கு அடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, வேலுத்தாய் கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். சொந்தக் குரலில் சொன்னாள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்கே மறந்து போயிருந்தது.

வேலுத்தாய் பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "இதுலயா இருக்கு?" என்றாள். பிறகு, "வெளையாட்டுக்கா?" என்றாள். பெட்டியை ஹெப்சியின் கையிலேயே திரும்ப வைத்தாள். "போ. போயி எங்க குடுக்கணுமோ அங்க குடு. குடுத்துட்டு இந்த வீட்டுப் பக்கம் வராத."

மறுநாள் மண்டபத்தில், உலகத்துக்கு அறிவிக்கிற கட்டுரையின் கடைசி வரியைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் முன்னால் ஹெப்சி தீப்பெட்டியை மேசையில் வைத்தாள். முந்நூறு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கோமதிநாயகம் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மூலத்தை ஓட்டுங்க" என்று திரையிடம் சொன்னார். பதினேழு புள்ளிகளும் ஒவ்வொன்றாக இறங்கி, மேடு தரையாகி, தரை மற்ற எல்லாத் தரையையும் போல ஆனது. அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

அதே நிமிஷம் முள்ளிச்செவலில் பதினேழும் திரும்பி வந்தன. ஆனால் கையால் பிய்த்ததைக் கையால் ஒட்டினால் பழைய இடத்தில் உட்காருமா? கிணற்றின் எதிரொலி தலைவரின் தும்மலில் வந்து உட்கார்ந்தது. அவர் ஒரு தடவை தும்மினால் நாலு தடவை கேட்டது, மச்சினனுக்கு வேலை போயிற்று. சேவலின் சிவப்பு மாரிக்கனியின் டீயில் இறங்கியது. டீயின் ஆவி புதுமாப்பிள்ளையின் காதுகளிலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் வெட்கம் இரண்டு சகலைகளுக்கும் பங்காகப் போய், ஒருவரை ஒருவர் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு, வேட்டி நுனியைத் திருகினார்கள். சண்டையின் காரணம் கிணற்றுக்குள் போயிருக்கவேண்டும். யார் எட்டிப் பார்த்தாலும் கிணறு உர்ரென்று இருந்தது. ஊர் இரண்டு நாள் யோசித்து, கிணற்றுப்படி முறை தொடரட்டும் என்று முடிவெடுத்து, பஞ்சாயத்தில் மாட்டிய கடிதத்தைத் தூசி தட்டி நேராக்கியது.

இசக்கியின் சிரிப்பு எங்கே வந்தது என்று மட்டும் தெரியவில்லை. கிணற்றில் தேடினார்கள், சங்கில் தேடினார்கள், சேவலைக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார்கள்.

ஹெப்சியை வட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு நாற்பது பஸ்ஸில் ஏறினாள். வேலுத்தாய் வரவில்லை, இசக்கி மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் ஓடிவந்து ரோட்டோரம் நின்றாள். "உள்ள போ, உள்ள போ, கல்யாண மண்டபம் மாதிரி கெடக்கு" என்று கண்டக்டர் தள்ளிய தள்ளில் ஹெப்சியின் பெட்டி வாய் திறந்து, சட்டையும் புத்தகமும் பல்துலக்கியும் படிவழியாக உருண்டு ரோட்டில் விழுந்தன. இசக்கி வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது, மடங்கினாள். அந்தக் கணம் ஹெப்சியின் தொண்டைக்குள் ஏதோ குதித்தது. வாய் தானாகத் திறந்தது. சில்லறைக் காசைப் படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு பஸ் முழுக்க ஓடி, கடைசிக் காசு டிரைவர் சீட்டுக்கு அடியில் போய்ச் சுற்றிச் சுற்றி நின்றது.

ரோட்டில் இசக்கி கையை எடுத்தாள். "அக்கா, அது எனக்குள்ளது!" என்று கத்தினாள்.

ஹெப்சி இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது, அவள் போகவில்லை. நாசரேத்துக்குப் போனால் இந்தச் சிரிப்பு நாசரேத்தில் அல்லவா சிரிக்கும். மூட்டையாகக் கட்டிய துணியோடு வேலுத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றாள். வேலுத்தாய் ஹெப்சியின் முகத்தைப் பார்க்காமல், மகள் அக்காவின் இடுப்பில் விரலால் குத்துவதையும், குத்திவிட்டுத் தானே வாய் பிளந்து சிரிப்பதையும், சத்தம் அந்த வாயிலிருந்து வராமல் இந்த வாயிலிருந்து வருவதையும் பார்த்தாள். கடைசிச் சத்தம் நிற்கும்வரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. சிரிப்புக்குத்தான் எடம் குடுக்கேன். நீ அதத் தூக்கிட்டு வந்த ஆளு, அம்புட்டுத்தான்."

அப்படியே ஆயிற்று. ஹெப்சி தீப்பெட்டி ஆபீசில் வேலுத்தாய்க்கு மூன்று ஆள் தள்ளி உட்கார்ந்து குச்சி அடுக்கினாள். யார் குரலும் பேசுவதை விட்டுவிட்டாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் இசக்கி எதற்குச் சிரித்தாலும் ஆபீசில் இவள் சிரித்தாள். மேஸ்திரி திட்டும்போது சிரித்தாள். ஒரு துட்டி வீட்டில், எல்லாரும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். ஊர் பழகிக்கொண்டது. "பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல என்னமோ சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு ஒப்பாரியைத் தொடர்ந்தார்கள். இசக்கிக்கோ இதன் பலன் நாலே நாளில் புரிந்துவிட்டது. பழைய ஹெப்சியிடம் படித்த பிள்ளை அல்லவா. வேண்டுமென்றே, மேஸ்திரி வரும் நேரம் பார்த்து, தன் உள்ளங்காலைத் தானே சுரண்டிக்கொண்டு சிரித்தாள்.

மாதக் கடைசியில், கோமதிநாயகம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அன்று, ஹெப்சி அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். பதினோரு மணி வெயில். என்ன சொல்லவேண்டும் என்று ஒரு வாரமாக நெட்டுருப் போட்டிருந்தாள். முப்பத்தோரு வருஷம் சார், அதில் இரண்டு நிமிஷத்துக்கு ஆசைப்பட்டேன் சார். அவர் கதவைத் திறந்து, கையில் சணல்கயிறோடு நின்றார். "வா" என்று சொல்லவில்லை.

"சார்," என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். "சார், நான் உங்களை... என்னை மன்னிச்சு..."

அங்கே, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால், ஒன்றாம் வகுப்பு ஜன்னலில் ஒரு காக்கை வாத்தியாரின் சாக்பீசைக் கவ்விக்கொண்டு போயிற்று.

சிரிப்பு வந்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள், விரலிடுக்கு வழியாக வந்தது; உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்தாள், அப்படியும் வந்தது; சில்லறைச் சில்லறையாக உருண்டு அவர் வாசற்படியைத் தாண்டி, கட்டிவைத்த புத்தக மூட்டைகளுக்கிடையில் ஓடி, கடைசிக் காசு எங்கேயோ போய்ச் சுற்றிச் சுற்றி நின்றது. அவள் நிமிர்ந்தபோது முகம் முழுக்கக் கண்ணீர். "நான் சிரிக்கல சார்," என்றாள். "நெசமாவே நான் சிரிக்கல."

கோமதிநாயகம் அசையவில்லை. ஆறு வயதுக் குரல் இருபத்தாறு வயதுத் தொண்டையிலிருந்து வந்ததை அவர் பார்த்தார். மூன்று தடவை செருமினார். பல நாளுக்குப் பிறகு.

"இது உறைக்குள்ள இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"நீ போட்டது இல்லையே?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

"சத்தியமெல்லாம் வேண்டாம்." அவர் உள்ளே திரும்பி, கட்டிய மூட்டை ஒன்றை அவிழ்த்து, ஒரு நோட்டைத் தேடி எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, மணி பதினொன்று எட்டு என்று எழுதினார். அவளை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. "ஒரு தடவை நடந்தா அது ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை வரட்டும்."

அவர் பென்சிலோடு உள்பக்கம் நின்றார். அவள் தலைகுனிந்து வெளிப்பக்கம் நின்றாள், தன்னுடையதல்லாத தொண்டையோடு, அங்கே அந்தப் பிள்ளை மறுபடி எப்போது சிரிக்கும் என்று காத்துக்கொண்டு.